நடந்து எரித்ததைத் திரும்பச் சாப்பிட வேண்டுமா?

46 வயதுப் பெண்மணி ஒருவர். எடை 78 கிலோ. மூன்று மாதமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். மழை பெய்த நாட்களில்கூட வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். மூன்று வேளைச் சாப்பாடும் நான் எழுதிக் கொடுத்த அளவை மீறவில்லை. ஆனாலும் எடை அசையவில்லை. "என் உடம்பு வாகே இப்படித்தான் போலிருக்கு மேடம்" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலில் ஓர் எண்: 410, 395, 422. பக்கத்தில் ஒரு டிக்.

"இது என்னங்க?"

"வாட்ச் காட்டின கலோரி மேடம். எரிச்சதைத் திரும்ப எடுத்துக்கலைன்னா சதை கரைஞ்சிடும்னு கூட நடக்கிறவங்க சொன்னாங்க. அதனால வந்ததும் கொஞ்சம் சாப்பிடுவேன். 350-க்கு மேல போகாது."

அந்தக் 'கொஞ்சம்' என்னவென்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணக்குப் போட்டோம். கொழுப்பு நீக்காத பால் 200 மில்லி, அதில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை: ஏறத்தாழ 165 கலோரி. நடுத்தர அளவு வாழைப்பழம் இரண்டு: 200. ஒரு சின்னப் பிடி பாதாம், 20 கிராம்: 115. மொத்தம் 480. அவருடைய உணவுத் திட்டத்தில் ஒரு நாளைக்கு நான் குறைத்திருந்ததே 500 கலோரிதான். தினமும் விடியற்காலையில் எழுந்து நடந்தவருக்கு மிஞ்சியது 20.

தவறு அவருடையது மட்டும் இல்லை. திட்டத்தில் அந்த நடையையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன் என்று முதல் நாளே நான் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். ஒருவரின் தினசரிச் செலவைக் கணக்கிடும்போது வயது, உயரம், எடையோடு அவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் போடுகிறோம். செல்போன் செயலிகளிலும் இதே கதைதான். 'சுறுசுறுப்பானவர்' என்று முதலில் தேர்வு செய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நாள் பயிற்சியையும் தனியாகப் பதிந்தால், அதே நடை இரண்டு முறை கணக்கில் ஏறும். செயலி 'இன்னும் 400 பாக்கி இருக்கிறது' என்று காட்டும். நாமும் நம்பிச் சாப்பிடுவோம்.

சரி, உண்மையில் அவர் எவ்வளவு எரித்தார்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவழிக்கிறது. மிதமான வேகத்தில் நடந்தால் அதைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. 78 கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 273 வரும். ஆனால் அதில் 78 கலோரி, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகச் செலவானது 195 மட்டுமே. பெரும்பாலானோர் இந்தக் கழித்தலைச் செய்வதே இல்லை.

வாட்ச் காட்டும் எண்ணை நான் ஏன் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே கணித்தன. கலோரிக் கணக்கிலோ, இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமான கருவி 93 சதவீதம். நேற்றைவிட இன்று அதிகம் நடந்தேனா என்று பார்க்க வாட்ச் உதவும். அதில் வரும் கலோரியைப் பார்த்துத் தட்டில் வைக்காதீர்கள்.

நம் மனக்கணக்கும் வாட்சைவிட மேல் இல்லை. என்ன செய்தும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை வைத்து 1992-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. வியர்த்துக் களைத்து வந்தவருக்குத் தன் உழைப்பு பெரிதாகத் தெரிவது இயற்கை. கையளவு பாதாம் சின்னதாகத் தெரிவதும் இயற்கைதான்.

'சதை கரைந்துவிடும்' என்ற பயத்துக்கு வருவோம். எடை குறையும்போது கொழுப்போடு கொஞ்சம் தசையும் போகும் என்பது உண்மை. அதைத் தடுப்பவை இரண்டு: தசைக்கு வேலை கொடுக்கும் வலுப் பயிற்சி, நாள் முழுவதும் சேர்த்துப் போதுமான புரதம். எடை குறைப்பவர்களுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வைக்கிறோம். (உடல் பருமன் மிக அதிகமாக இருந்தால் இலக்கு எடையை வைத்துப் போடுவேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.) பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதம் போகாவிட்டால் எல்லாம் வீண் என்ற பேச்சு ஜிம்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளின் மொத்தப் புரத அளவைக் கணக்கில் எடுத்ததும் நேரத்தால் வந்ததாகத் தெரிந்த பலன் காணாமல் போனது.

மாவுச்சத்தும் அப்படித்தான். தசைகளிலும் கல்லீரலிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ அரைக் கிலோ கிளைகோஜன் (மாவுச்சத்திலிருந்து உடல் சேமித்து வைக்கும் எரிபொருள்) இருப்பு இருக்கிறது. ஒரு மணி நேர நடை அதைக் காலி செய்யாது. செலவானதை அடுத்த வேளைச் சாப்பாடே நிரப்பிவிடும்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது: கூட்டாதீர்கள், நகர்த்துங்கள். காலையில் நடந்தால் காலைச் சாப்பாட்டையே நடைக்குப் பின் வையுங்கள். மாலையில் ஜிம் என்றால் இரவுச் சாப்பாடு அதற்குப் பின்னால் வரட்டும். நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி விழுகிறதா? இரவுச் சாப்பாட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்மணிக்கும் இதைத்தான் செய்தோம். பால் சர்க்கரை இல்லாமல் காலைச் சாப்பாட்டுக்குள் வந்தது, கூடவே ஒரு முட்டை. அந்த அளவுக்குச் சாப்பாட்டில் வேறொன்றைக் குறைத்தோம். மாலைத் தீனிக்குப் பதிலாக ஒரு பழம். பாதாமை நிறுத்தினோம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தது.

பசித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் தண்ணீர் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். அப்புறமும் பசித்தால் அது பசிதான், அடக்க வேண்டாம். கடுமையான பயிற்சி முடிந்தவுடன் பலருக்குப் பசி சற்று மட்டுப்படும், குளிர்ந்த நீரில் நீந்தி வருபவர்களுக்கோ வழக்கத்தைவிட அதிகமாகப் பசிக்கும். ஆனால் நாள் தவறாமல் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத பசி எடுக்கிறது என்றால், உணவைக் குறைத்த அளவு அதிகம் என்று அர்த்தம். திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிப்பிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். உடற்பயிற்சி இவர்களுக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம், சில நேரம் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட. பயிற்சிக்கு முன் 90-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து எடுத்துவிட்டுக் கிளம்புவது பொதுவான முறை. நடுவில் கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அந்த நேரத்தில் எடைக் கணக்கு பார்க்காதீர்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை இப்படி ஆனால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்கள், சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் கணக்கு வேறு.

கடைசியாக இன்னொருவர். 22 வயது, 50 கிலோ. அவருக்கு எடை குறைக்க வேண்டிய தேவையே இல்லை. தினமும் 10 கிலோமீட்டர் ஓட்டம், 1200 கலோரி சாப்பாடு. அடிக்கடி சளி, முடி கொட்டுதல். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை, அதை ஓட்டத்தோடு அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஓட்டத்துக்கு ஏறத்தாழ 500 போனால் மிச்சம் 700. கொழுப்பு நீங்கலாக அவர் உடல் எடை 40 கிலோ, அதாவது கிலோவுக்கு 17.5 கலோரி. இது 30-க்குக் கீழே போனாலே உடல் ஹார்மோன்களை அடக்கத் தொடங்கும், எலும்பும் வலுவிழக்கும். மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு ஓட்டத்தை வாரம் மூன்று நாளாக்கி, தினசரி உணவைப் படிப்படியாக 2000-க்கு ஏற்றி, ஓடும் நாளில் அதற்கு மேலும் 500 கலோரி கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தேன். "இவ்வளவு சாப்பிட்டா குண்டாயிட மாட்டேனா?" என்று பயந்தபடியேதான் வாங்கிப் போனார். ஐந்தாவது மாதம் மாதவிடாய் திரும்பியது. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது, ஓட்டத்தில் வேகமும் கூடியிருந்தது.