கவுன்சலிங்குக்குத் தமிழ் என்ன? ஒரு லத்தீனோ வழக்கு

கவுன்சலிங் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது ப்ளஸ் டூ முடித்த பிள்ளையும் பொறியியல் கல்லூரி சீட்டும்தான். அரசு அதற்குக் கலந்தாய்வு என்று பெயர் வைத்தது. ஆசிரியர் இடமாறுதலுக்கும் அதே பெயர். பட்டியலைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு அது பொருத்தமான சொல்தான். ஆனால் குடியைக் குறைக்க நினைக்கும் ஒருவர் இன்னொருவருடன் உட்கார்ந்து பேசுவதையும் கவுன்சலிங் என்றே சொல்கிறோம். அங்கே கலந்தாய்வு என்று எழுதினால் வாசிப்பவர் கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தேடுவார்.

அமெரிக்காவில் லத்தீனோ மக்களிடையே, அதாவது மெக்சிகோ முதலான லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்விகமாகக் கொண்டவர்களிடையே, அதிகக் குடியைக் குறைப்பதற்காகவே, அவர்களுடைய பண்பாட்டுக்கு ஏற்றபடி அமைத்த கவுன்சலிங் ஒன்று இருக்கிறது. அதைத் தமிழில் சொல்லப் போனால் ஒவ்வொரு சொல்லும் காலை இடறுகிறது.

நடுச்சொல்லிலிருந்தே தொடங்கலாம். கவுன்சலிங்கின் வேர் லத்தீன் மொழியின் ‘கொன்சிலியும்’ என்ற சொல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்பானிய மொழியில் அதுவே கொன்செஹோ ஆயிற்று. கொன்செஹோ என்றால் அறிவுரை. மெக்சிகோ நாட்டுக் குடும்பங்களில் பெரியவர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துக் கொன்செஹோ சொல்வது வளர்ப்பின் ஒரு பகுதி. கவுன்சலிங்குக்கு ஸ்பானியத்தில் வழங்கும் கொன்செஹேரீயாவும் இதிலிருந்தே வந்தது. ஆக, அங்கே போகும் மனிதர் அறிவுரையை எதிர்பார்த்துத்தான் போகிறார். அல்லது அதற்குப் பயந்து போகாமலே இருந்துவிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த லத்தீனோ கவுன்சலிங்குக்கு அடிப்படையான பேச்சு முறை பிறந்ததே அறிவுரையை விட்டு விலகுவதற்குத்தான். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1982-ல் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள், குடிப்பவரிடம் எப்படிப் பேசுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்கள். செய்து காட்டும்போது நடுநடுவே நிறுத்தி, ஏன் இதைக் கேட்டீர்கள், ஏன் அதைக் கேட்கவில்லை என்று துருவினார்கள். அதுவரை பழக்கத்தில் செய்துகொண்டிருந்ததை அவர் சொற்களாக்க வேண்டியதாயிற்று. அதைத்தான் 1983-ல் கட்டுரையாக எழுதினார். 1991-ல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து புத்தகமாகவும் கொண்டுவந்தார். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்பது அதன் பெயர்.

அதன் அடிப்படை எளிது. குடிப்பவருக்குள் இரண்டு மனம் இருக்கிறது. ஒன்று விடு என்கிறது, இன்னொன்று இன்னும் ஒரு ரவுண்டு என்கிறது. எதிரில் இருப்பவர் “விடுங்கள்” என்று வாதாடினால், குடிப்பவர் வேறு வழியில்லாமல் குடியின் தரப்பு வக்கீலாகிவிடுகிறார். அதனால் வாதாடுவதில்லை, கேட்கிறார்கள். “குடியைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10-க்குள் ஓர் எண் சொல்லுங்கள்” என்பார்கள். அவர் 5 என்கிறார். நாமாக இருந்தால் “ஏன் 10 இல்லை?” என்று பாய்ந்திருப்போம். அவர்கள் கேட்பது “ஏன் 2 சொல்லாமல் 5 சொன்னீர்கள்?” என்று. பதில் சொல்லத் தொடங்கினால், குறைப்பதற்கான காரணங்கள் அவர் வாயிலிருந்தே வந்தாக வேண்டும்.

இதைத் தமிழில் “ஊக்கமூட்டும் நேர்காணல்” என்று எழுதினால் பாதி பேர் வேலைக்கு ஆள் எடுப்பதாக நினைப்பார்கள், மீதி பேர் தன்னம்பிக்கைப் பேச்சாளரை எதிர்பார்ப்பார்கள். உள்ளூக்க உரையாடல் என்பேன். ஊக்கம் வெளியிலிருந்து ஊட்டப்படுவதில்லை, உள்ளே ஏற்கெனவே இருப்பது பேச்சில் வெளிவருகிறது.

சரி, கவுன்சலிங்குக்கு வருவோம். அறிவுரை கூடாது என்று மேலேயே பார்த்துவிட்டோம். ஆலோசனை வடமொழிச் சொல். அங்கே அதற்கு எண்ணிப் பார்த்தல் என்று பொருள். தமிழில் அது யோசனை சொல்வதாகச் சுருங்கிவிட்டது. வக்கீலும் ஆலோசனை சொல்கிறார், வாஸ்துக்காரரும் சொல்கிறார். இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்கிறார்கள். அழகான சொல். துணை என்பதில் கூட இருத்தல் இருக்கிறது, மேலிருந்து சொல்லுதல் இல்லை. தமிழ்நாட்டில் ஆற்றுப்படுத்துதல் என்ற சொல் புழங்குகிறது. குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு ஆள் எடுக்கும் அரசு விளம்பரங்களில் ஆற்றுப்படுத்துநர் என்றே பதவிப் பெயரைப் பார்க்கலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆறு என்றால் நதி மட்டுமல்ல, வழியும்தான். ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகை. அவற்றுள் திருமுருகாற்றுப்படையைத் தவிர்த்த மற்றவற்றில் நடப்பது ஒரே காட்சி. ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், பசியோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனை வழியில் பார்க்கிறான். நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், இந்த வழியாகப் போனேன், வழியில் இன்னது இருக்கிறது, இன்னார் சோறு போடுவார்கள் என்று சொல்கிறான். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும், பெற்ற பெருவளத்தைப் பெறாதவருக்கு அறிவுறுத்துவது என்றே தொல்காப்பியமும் இலக்கணம் வகுக்கிறது. வழி சொல்பவர் அரசவைப் புலவரோ அதிகாரியோ அல்ல, அதே தொழில், அதே பசி தெரிந்தவர்.

லத்தீனோ மக்களிடையே வேலை செய்பவர்கள் வேறு பாதையில் வந்து சேர்ந்த இடமும் இதுவே. அங்கே ப்ரொமொத்தோரா என்று சமூக நலப் பணியாளர்கள் உண்டு, பெரும்பாலும் அதே தெருவில் வாழும் பெண்கள். அவர்கள் நடத்தும் கூட்டத்துக்குப் பெயர் ப்ளாத்திகா, அதாவது அரட்டை, பேச்சு. சிகிச்சை என்றால் வராதவர் பேச்சு என்றால் வருவார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றுப்படையில் சொல்பவனுக்கு ஊர் தெரியும், திசையைக் காட்டிவிடுகிறான். உள்ளூக்க உரையாடலில் திசையைக் கண்டுபிடிப்பவர் வந்தவரே. சொல் முழுக்கப் பொருந்தவில்லை. ஆனாலும் ஆலோசனையைவிடப் பல மடங்கு நெருங்கி வருகிறது.

அடுத்து லத்தீனோ. லத்தீன் மொழி பேசுபவர் என்று பொருள் இல்லை, லத்தீனோஅமெரிகானோ என்பதன் சுருக்கம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1980-ல் ஹிஸ்பானிக் என்ற சொல்லோடு நாடு முழுக்க எண்ணத் தொடங்கியது. லத்தீனோ என்ற சொல் படிவத்தில் ஏறியது 2000-ல். 2020 கணக்கில் அவர்கள் 6.21 கோடி பேர். தமிழில் லத்தீனோ என்று அப்படியே விட்டுவிடலாம், மொழிபெயர்த்தால்தான் குழப்பம்.

ஒரே பெயர் என்பதால் ஒரே மக்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இரவு குடித்தவருக்குக் காலையில் வரும் தலைவலியையே எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவில் அது க்ரூதா, அதாவது பச்சை, வேகாதது. வெனிசுவேலாவில் ரத்தோன், எலி. ஈக்வடாரில் சுச்சாக்கி. மத்திய அமெரிக்காவில் கோமா, ரப்பர் என்று பொருள், நாம் நினைக்கும் கோமா அல்ல. கொலம்பியாவில் குவாயாபோ, அதாவது கொய்யா மரம். நம் கொய்யாவும் போர்த்துக்கீசியர் வழியாக வந்த அதே சொல்தான். பயிற்சிக் கையேட்டில் க்ரூதா என்று அச்சடித்துவிட்டு ஈக்வடார்க்காரர் முன் உட்கார்ந்தால், பண்பாட்டுக்கேற்ற பேச்சு முதல் வரியிலேயே வெளியூர்ப் பேச்சாகிவிடும்.

அதிகக் குடிக்கு என்ன சொல்வது? பெருங்குடி என்றால் உயர்ந்த குலம், அல்லது சென்னையில் ஒரு பேருந்து நிறுத்தம். குடிநோய் என்றால் அடிமைநிலை வரை போய்விடும். இங்கே பேசப்படுவது அதற்கு முந்தைய கட்டமும்தான். அதனால் மிகைக்குடி. அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவு என்பது 14 கிராம் தூய ஆல்கஹால், அதாவது 355 மில்லி சாதா பீர். ஆண் ஒரே நாளில் 5 அளவோ வாரத்தில் 15 அளவோ, பெண் ஒரே நாளில் 4 அளவோ வாரத்தில் 8 அளவோ தொட்டால் மிகைக்குடி. நம் ஊர் 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதச் சரக்கு என்றால், 4 அளவுக்குச் சற்று மேலே. “ஒரே ஒரு குவார்ட்டர்தான்” என்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது பண்பாட்டுக்கேற்ற என்ற அடைமொழி. ஆங்கிலத்தில் இதற்கு டெய்லர் என்ற சொல் இருக்கிறது, பிரெஞ்சில் வெட்டுபவர் என்று பொருள். “கலாச்சார ரீதியாக வடிவமைக்கப்பட்ட” என்று எழுதிப் பக்கத்தை நிரப்புவதைவிட, அளவெடுத்த என்று சொன்னால் போதும். ரெடிமேட் சட்டைக்கு எதிரானது. துணியை மட்டும் மாற்றினால் அளவெடுத்ததாகாது. 1999-ல் கென் ரெஸ்னிக்கோ என்பவரும் உடன் எழுதியவர்களும் இதை மேல்தளம், அடித்தளம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஸ்பானியத்தில் பேசுவது, படங்களில் லத்தீனோ முகங்களைப் போடுவது எல்லாம் மேல்தளம். தூ என்று ஒருமையில் அழைக்காமல் உஸ்தேத் என்று மரியாதை கொடுப்பது கொஞ்சம் கீழே போகிறது. நமக்கு நீ, நீங்கள் தெரிந்ததால் இது எளிதில் புரியும். இன்னும் ஆழத்தில் இருப்பது, இந்த மனிதர் ஏன் குடிக்கிறார் என்ற கேள்வி. சொந்த ஊரில் திருவிழாவில் உறவினர் நடுவே குடித்தவர், இங்கே மனைவி மக்கள் இல்லாமல் நாலு பேர் பகிரும் அறையில் குடிக்கிறார். வேலையிடத்து அவமானம், குடியேற்றக் காகிதம் இல்லாத பயம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் அந்தப் பாட்டிலோடு வருகின்றன.

கிறிஸ்டினா லீயும் உடன் ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. மிகைக்குடி உள்ள 296 லத்தீனோக்கள். ஒரு பகுதியினருக்குப் பொதுவான உள்ளூக்க உரையாடல், மற்றவர்களுக்கு அதையே அளவெடுத்துத் தைத்தது, ஓர் அமர்வுதான். இரண்டு பக்கமும் குடி குறைந்தது. அளவெடுத்ததுதான் எல்லோருக்கும் மேல் என்று வரவில்லை. பாகுபாட்டை அதிகம் சந்தித்தவர்களுக்கும், அமெரிக்க வாழ்க்கையோடு அதிகம் கலக்காதவர்களுக்கும் அது கூடுதலாக உதவியது. ரெடிமேட் சட்டை சிலருக்குச் சரியாகவே பொருந்தும், அதில் வியப்பில்லை.

மெக்சிகோக்காரர்களிடம் ஹுராமெந்தோ என்று ஒரு வழக்கம் உண்டு. குவாதலூப்பே மாதா முன் இத்தனை மாதம் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வது. நம் ஊரில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன் என்றால் நண்பர்கள் வற்புறுத்த மாட்டார்கள் அல்லவா, அதே பாதுகாப்பு. இதைத் தெரிந்தவர், போன தடவை சத்தியம் காத்த நாட்களில் என்ன நன்றாக இருந்தது என்று கேட்பார்.

அப்புறம், எனக்கு மொழிபெயர்க்க வராத ஒரு சொல். கவலையை மதுவில் மூழ்கடிப்பதற்கு ஸ்பானியத்தில் அவோகார் என்கிறார்கள். மூச்சுத் திணறவைத்தல், மூழ்கடித்தல். அதற்கு முன்னால் ஓர் எதிர்மறையைச் சேர்த்தால் தெசவோகார்சே, அதாவது நம்பிக்கையான ஒருவரிடம் மனதில் இருப்பதைக் கொட்டுவது. குடிக்கும் அதற்கான மாற்றுக்கும் ஒரே வேர். தமிழில் அப்படி ஓர் இணை கிடைக்கவில்லை. ஆனால் ஆற்றுப்படுத்துதல் என்றதும் பலரும் வழியை மறந்து, சூடான டீயை ஆற்றுவதையும் ஆறுதலையும் நினைத்துக்கொள்கிறார்கள். இலக்கணப்படி தவறு. திருத்த எனக்கு மனம் வரவில்லை.