நடுக்கடலில் நின்ற நிரலும் மெமரி டம்பும்

மண்டபத்திலிருந்து பாக் விரிகுடாவுக்குப் போகும் விசைப்படகு ஒன்றில், இருப்பிடத்தைப் பதிவுசெய்யும் சிறு கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஓடும் சி மொழி நிரல் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. கரையில் இயக்கிப் பார்த்தால் ஒரு குறையுமில்லை. இங்கேதான் மெமரி டம்ப் கைகொடுக்கிறது. நிரல் நின்ற கணத்தில் அதன் நினைவகத்தில் இருந்ததைப் பதிந்துவைத்த கோப்பு அது.

பிழை தேட உதவும் ஜிடிபி (GDB) கருவியில் அதைத் திறந்தால், எந்தச் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) எதை அழைத்து எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். நின்றதற்குக் காரணம் சிக்னல் 11: தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் லினக்ஸ் இயங்குதளம் நிரலை நிறுத்தியிருக்கிறது. தொட்ட முகவரி 0. இன்னும் துழாவினால் ஜிபிஎஸ் கடைசியாக அனுப்பிய வரியே கிடைக்கும். மண்டபம் அருகே என்றால் அதில் அட்சரேகை 9 பாகை 16 நிமிடம் என்பதுபோல் வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ வெறும் காற்புள்ளிகள். செயற்கைக்கோள்கள் அகப்படும்வரை ஜிபிஎஸ் அந்த இடங்களைக் காலியாகவே அனுப்பும். வரியைத் துண்டாக்கும் ஸ்ட்ரிடாக் (strtok) என்ற செயற்கூறு அடுத்தடுத்த காற்புள்ளிகளை ஒன்றாக எண்ணிவிடும். துண்டுகள் தீர்ந்துபோக, எதையும் சுட்டாத பாயிண்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) எண்ணாக மாற்றப்போய் நிரல் விழுந்திருக்கிறது.

செயற்கைக்கோள் ஏன் அகப்படவில்லை? அதை டம்ப் சொல்லாது. எஞ்சினை மறுபடி கிளப்பியபோது மின்னழுத்தம் இறங்கி ஜிபிஎஸ் புதிதாகத் தொடங்கியது என்பதைப் பதிவேட்டிலிருந்தோ படகோட்டியிடமிருந்தோதான் அறிய முடியும்.

இதைவிடக் கடினமானது, ஒரு செயற்கூறு எல்லை தாண்டி எழுதிவிட்டு ஒழுங்காக முடிந்துவிடுவது. சிதைந்த நினைவகத்தைப் பிறகு படிக்கும் வேறொன்று விழும். டம்பில் தெரிவது அடிபட்டவன்தான், அடித்தவன் அல்ல. இதற்கு, தவறாக எழுதும் கணத்திலேயே பிடித்துக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசர் போன்ற கருவிகளே ஏற்றவை.

அதற்காக டம்பே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கரையில் மீண்டும் வரவழைக்க முடியாத பிழைக்கு அதைவிட நல்ல சாட்சி அரிது. ஆனால் பல லினக்ஸ் அமைப்புகளில் டம்ப் கோப்பின் அளவு வரம்பு முதலில் 0 என்றே இருக்கும்; படகு புறப்படும் முன்பே அதை உயர்த்திவைக்க வேண்டும். படகில் ஏற்றிய அதே பதிப்பின் குறியீட்டுத் தகவலையும் (எந்த முகவரி எந்தச் செயற்கூறுடையது என்ற பட்டியலையும்) பத்திரப்படுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் பெயர்களுக்குப் பதில் வெறும் முகவரிகளே மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. நினைவகத்தில் இருக்கும் கடவுச்சொற்களும், மீன்பாடு கிடைத்த இடங்களின் குறிப்புகளும் டம்போடு சேர்ந்தே வந்துவிடும். அந்த இடங்களை எந்த மீனவரும் எளிதில் வெளியே சொல்வதில்லை. ஆகவே கோப்பை மறையாக்கம் செய்தே அனுப்ப வேண்டும். பிழை தீர்ந்ததும் அழித்துவிட வேண்டும்.