ரோஜாச் சிலுவைச் சங்கமும் 1604-இன் புதிய விண்மீனும்

1614-இல் ஜெர்மனியின் காஸல் நகரில், எழுதியவர் பெயர் இல்லாத ஒரு சிறு நூல் அச்சாகி வந்தது: ‘ஃபாமா ஃபிரட்டர்னிடாட்டிஸ்’. ரோசிக்ரூசியன், அதாவது ரோஜாச் சிலுவை என்ற ரகசியச் சங்கத்தை உலகம் அறிந்தது அதன் வழியாகத்தான். அப்படி ஒரு சங்கம் அன்று உண்மையில் இருந்ததற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் பலர் அதைத் தேடினார்கள். காரணத்தில் பாதி வானத்தில் இருக்கிறது.

நூல் சொல்லும் கதை இது. கிறிஸ்தவத் துறவி ஒருவர் இளம் வயதில் அரபு நாட்டுக்கும் பிறகு மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்கும் போகிறார். அங்குள்ள அறிஞர்கள் தாங்கள் கண்டுபிடித்ததை ஆண்டுதோறும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதைப் பார்த்து வியக்கிறார். ஊர் திரும்பி ஒரு சங்கம் அமைக்கிறார். அதன் விதிகள் எளியவை: நோயாளிகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்க வேண்டும், தனி உடை கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும், தனக்குப் பின் தகுதியான ஒருவரை விட்டுச் செல்ல வேண்டும், நூறு ஆண்டுகள் சங்கத்தை மறைத்து வைக்க வேண்டும். பொன் செய்யும் பித்தை நூல் கடுமையாகச் சாடுகிறது. வேதத்தையும் இயற்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே அதன் மையம். என் பார்வையில், மாயமந்திரப் பேச்சுகளைவிட இதுதான் அந்த நூலின் உயிர்.

நிறுவனரின் கல்லறை ஏழு பக்கங்கள் கொண்டது. ‘120 ஆண்டுகளுக்குப் பின் திறப்பேன்’ என்று கதவில் எழுதியிருந்ததாம். 1615-இல் வந்த இரண்டாம் நூல், அவர் 1378-இல் பிறந்து 106 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்கிறது. சரி, கூட்டிப் பாருங்கள்: இறப்பு 1484, கல்லறை திறப்பு 1604.

அந்த 1604 அக்டோபரில்தான் ஒஃபியூக்கஸ் விண்மீன் குழுவில் ஒரு புதிய விண்மீன் பளிச்சென்று தோன்றியது. வானியலாளர் யோஹானஸ் கெப்லர் அதை விடாமல் கவனித்து 1606-இல் நூலே எழுதினார். உண்மையில் அது பிறப்பு அல்ல, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய ஒரு வெண்குறு விண்மீன் வெடித்துச் சிதறியது. 1600-இல் அன்னம் எனப்படும் சிக்னஸ் குழுவிலும் ஒன்று திடீரென ஒளிர்ந்திருந்தது. அது வெடித்து அழியவில்லை. தன் மேலடுக்குகளை வீசியெறிந்த ஒரு ராட்சத விண்மீன்.

வானம் மாறாதது என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நம்பியவர்களுக்கு இது பேரதிர்ச்சி. நிலாவுக்குக் கீழே, காற்றில் நடக்கும் ஏதோ ஒன்று என்று சமாளிக்கவும் வழியில்லை. அவ்வளவு அருகில் இருந்தால், வெவ்வேறு ஊர்களிலிருந்து பார்க்கும்போது பின்னணி விண்மீன்களுக்கு இடையே அதன் இடம் மாறித் தெரிய வேண்டும். அப்படி மாறவில்லை. இரண்டாம் ரோசிக்ரூசியன் நூல் இந்த இரு விண்மீன்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பெரிய மாற்றத்துக்குக் கடவுள் அனுப்பிய தூதர்கள் என்கிறது. வாசகர் தலை நிமிர்ந்து பார்த்த ஒன்றையே சாட்சியாக நிறுத்தியதால், கதை நம்பும்படி ஆயிற்று.

இன்னொரு காரணம், சங்கத்தில் சேர நூலில் அழைப்பு வந்தது, முகவரி வரவில்லை. சேர விரும்பியவர்கள் பதிலை அச்சிட்டு வெளியிட வேண்டியிருந்தது. அந்தப் பதில்களே சங்கத்தின் புகழைப் பரப்பின. 1623-இல் பாரிஸில் சங்கத்தின் பெயரில் சுவரொட்டிகள் முளைத்தபோது, தத்துவஞானி டெகார்ட் மீதே சந்தேகம் விழுந்தது.

இந்நூல்கள் டியூபிங்கன் நகரத்து லூத்தரன் நண்பர் வட்டத்தில் உருவானவை என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. அவ்வட்டத்தின் யோஹான் வாலன்டின் ஆண்ட்ரேயே, கெப்லரின் ஆசிரியரான மெஸ்ட்லினிடமே கணிதம் கற்றவர். ரகசியச் சங்கப் பேச்சு கைமீறிப் போனதைப் பார்த்த அவர், 1619-இல் வேறொரு நூல் எழுதினார். ஆய்வுக்கூடமும் கணிதக் கூடமும் உள்ள ஒரு கற்பனைக் கிறிஸ்தவ நகரம் அது. அங்கே அறிவியல் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை.