அகணி: கோள்களின் நடுவுக்குப் பனைமரம் தந்த சொல்

போன விடுமுறைக்கு அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தேன். ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. ஒன்றில் அள்ளி ஊற்றினால் இதமாக இருக்கும், அடுத்ததில் அள்ளினால் தோள் சுடும். மூன்றாவது வாளியைத் தூக்கிக்கொண்டே கேட்டான்: "மாமா, இந்தத் தண்ணி பூமியிட கோருக்குள்ள இருந்தா வருது?" இல்லையடா, கோர் என்பது பூமியின் நடுப்பகுதி, ஏறத்தாழ 2,900 கிலோமீற்றருக்குக் கீழே கிடக்கிறது, இது மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கி அங்கே உள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருவது, எரிமலையும் இல்லை ஒன்றும் இல்லை என்றேன். "சரி, அப்ப கோருக்குத் தமிழ் என்ன?" என்றான். கரு, கருவம், உள்ளகம், மையம், அகணி என்று ஐந்து சொல் வாய்க்கு வந்தது. எது சரி, ஏன் சரி என்று ஈரத் துவாயோடு நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோள் என்ற சொல், அதில் சிக்கல் குறைவு. படு என்பது பாடு ஆவது போல, கெடு என்பது கேடு ஆவது போல, கொள் என்பது நீண்டு கோள் ஆனது. கொள்ளுதல், பற்றுதல் என்று பொருள். வடமொழிக் கிரகத்துக்கும் வேர்ப்பொருள் பிடித்தல்தான். கிரேக்கர்கள் வேறு பக்கமிருந்து பார்த்து 'அலைந்து திரிவது' என்று பெயர் வைத்தார்கள், அதுதான் ஆங்கிலத்துக்குப் போனது. பட்டினப்பாலையில் கடற்கரை மக்கள் மன்றத்தில் கூடி மோதுவதைச் சொல்லும் இடத்தில் 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்று வருகிறது. இடம் மாறாத மீன் நாண்மீன், அவற்றுக்குள் புகுந்து நகரும் மீன் கோண்மீன். கடலோரத்தில் இருந்து இரவு வானத்தைப் பார்க்கிற எவருக்கும் அந்த உவமை உடனே பிடிபடும். நமது கோணேசர் மீது பதிகம் பாடிய சம்பந்தர்தான் கோளறு பதிகமும் பாடியவர், அதில் ஞாயிறு திங்களோடு ஐந்து கோளும் பாம்பு இரண்டும் வரிசையாக வரும். ஆனால் இந்தச் சொற்கள் எல்லாமே வெளியே தெரிகிற ஒளிப்புள்ளியைப் பற்றியவை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க அப்போது வழியே இல்லை.

வழி வந்தது நிலநடுக்கத்தால். அதன் அலைகள் பூமிக்குள் எப்படி வளைகின்றன, எங்கே நின்றுபோகின்றன என்று பார்த்துத்தான் படைகளை, அதாவது அடுக்குகளை, பிரித்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் (Inge Lehmann) என்ற நிலநடுக்க ஆய்வாளர் 1936 இல், உருகிய இரும்புக்கு நடுவே திண்மமான இன்னொரு உருண்டை இருக்கிறது என்று காட்டினார். அதன் ஆரை ஏறத்தாழ 1,220 கிலோமீற்றர். ஆங்கிலக்காரர் இந்தப் படைகளுக்குப் பெயரை வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துக்கொண்டார்கள். மேலே இருப்பதற்குப் பாணின் பொறுக்கு, இடையில் இருப்பதற்குப் போர்வை, நடுவில் இருப்பதற்குப் பழத்தின் விதையைச் சுற்றிய கெட்டியான பகுதி. நாங்களும் வீட்டுக்குள்ளேயே தேடலாம். மேலோடு அருமையான சொல். முழு ஆரை 6,371 கிலோமீற்றராக இருக்கும்போது கடலுக்கு அடியில் ஏழு கிலோமீற்றர் அளவே தடிப்பான ஒன்றை முட்டை ஓட்டோடு ஒப்பிடாமல் வேறு எதோடு ஒப்பிடுவது? இடைப் படையைக் கவசம் என்று எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கவசம் என்றால் வெளியே மாட்டுவது, விறைத்து நிற்பது. இதுவோ உள்ளே இருப்பது, திண்மமாக இருந்தும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஊர்வது. மூடகம் என்ற சொல்லே போதும்.

இனி நடு. சம்பூரில் அம்மம்மா பனைமட்டை கிழித்து நார் எடுப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். மட்டையைக் கொஞ்சம் ஊறவிட்டு, நுனியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பல்லால் கவ்விப் பிடித்து இழுப்பார். மினுங்கும் வெளிப்பட்டை ஒரு பக்கம், வெளிறிய உட்புறம் இன்னொரு பக்கம் என்று பிரியும். வெளியே இருப்பது புறணி, உள்ளே இருப்பது அகணி. அகம், புறம் என்ற இணையில் பிறந்த சொற்கள். கோளின் நடுவுக்கும் இதுதான் பொருந்துகிறது, ஏனென்றால் அகணி என்று சொன்ன உடனேயே அதைச் சுற்றி வேறொன்று இருக்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கரு என்றால் வளரப் போகிற ஒன்று, அதோடு அணுவுக்கும் கலத்துக்கும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மையம் வெறும் புள்ளி. உள்ளகம் என்றால் மூடகமும் உள்ளேதானே இருக்கிறது? உள்ளகணி, வெளியகணி என்று பிரிக்கும்போதும் நாக்கு இடறுவதில்லை. புறணியை மட்டும் மேலோட்டுக்குக் கொடுக்க வேண்டாம். கோள் சொல்வதும் புறணி பேசுவதும் ஒரே வேலை என்பதால் வாசிப்பவர் மனம் வேறெங்கோ போய்விடும்.

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கோள்களின் வகைப் பெயர்களைப் பார்த்தால் சிலது ஆட்டம் காண்கிறது. புதனைப் பாறைக் கோள் என்கிறோம். அதன் ஆரை 2,440 கிலோமீற்றர், அதில் ஏறத்தாழ 2,000 இரும்பு அகணி. பாறை மேலே ஒரு போர்வை அளவுதான். செவ்வாயில் அகணி ஆரையின் பாதி அளவு. வாயுக் கோள் என்ற பெயருக்கு மூலமான ஆங்கிலச் சொல் ஜேம்ஸ் பிளிஷ் என்ற கதாசிரியர் 1952 இல் பயன்படுத்தியது, வியாழனுக்கு வெளியே தெரிவதைத்தான் அது சொல்கிறது. உள்ளே போகப்போக அழுத்தத்தால் ஐதரசன் திரவமாகி, பிறகு உலோகம் போல மின்சாரம் கடத்தும் திரவமாகிவிடுகிறது. இருந்தாலும் புழக்கத்துக்கு வந்துவிட்ட பெயர், இருக்கட்டும்.

பனிக்கோள்தான் மாற வேண்டும். யுரேனஸ், நெப்டியூனுக்குள் இருப்பது நீர், அமோனியா, மீதேன். சூரியனுக்குத் தூரத்தில் உறையக்கூடிய பொருட்கள் என்பதால் அறிவியலார் அவற்றை 'ஐஸ்' வகை என்கிறார்கள், ஆனால் அந்தக் கோள்களுக்குள் அவை ஆயிரக்கணக்கான பாகை சூட்டில் அடர்ந்த திரவமாகக் கிடக்கின்றன. எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்பது. அதைக் கேட்ட பிள்ளை நெப்டியூனை எப்படிக் கற்பனை செய்யும்? உறைபொருட் கோள் என்று எழுதலாம் என்பது என் யோசனை. கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் பிழை இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவின் மகன் கொப்பியில் வட்டம் வட்டமாக வரைந்தான். பூமிக்கும் புதனுக்கும் அகணி என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு, வியாழனில் பென்சிலை நிறுத்தி, "இதுக்கு எவ்வளவு பெரிசா போட?" என்றான். 2016 இல் வியாழனைப் போய்ச் சேர்ந்த ஜூனோ விண்கலம் அதன் ஈர்ப்பை அளந்து பார்த்தபோது, அகணி தெளிவான எல்லை இல்லாமல் சுற்றியுள்ள ஐதரசனோடு கலந்து பரவியிருப்பதாகத்தான் தெரிந்தது. சனிக்கும் அப்படியே, அதன் வளையங்களில் எழும் அலைகளை வைத்துக் கண்டார்கள். கோடு போடாதே, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து நடுவில் கறுப்பாகத் தேய்த்து, வெளியே வர வர மங்கலாக விட்டுவிடு என்றேன். அப்படித்தான் செய்தான், விரலாலும் கொஞ்சம் தடவிவிட்டான்.