அஃபிலியேட் வருமானம்: இணைவு வருவாய்

ஒரு நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ தன் பக்கத்தில் பரிந்துரைப்பவர், தனக்கென்று கொடுக்கப்பட்ட சுட்டி (லிங்க்) வழியே நடந்த விற்பனைக்குப் பெறும் பங்குதான் அஃபிலியேட் வருமானம். பயண வலைப்பதிவுகளுக்கு இது விடுதி முன்பதிவு, நுழைவுச்சீட்டு, வழிகாட்டிச் சுற்றுலா, பயணக் காப்பீடு, வாடகைக் கார் ஆகியவற்றிலிருந்து வருகிறது. விளம்பரத்தில் பார்வைக்குக் காசு, இதில் விற்பனைக்குக் காசு. பத்தாயிரம் பேர் படித்தும் ஒருவரும் வாங்கவில்லை என்றால் வருவது சுழியம்.

லத்தீனில் ‘ஃபீலியுஸ்’ என்றால் மகன். ‘அஃபீலியாரே’ என்றால் மகனாக ஏற்பது, அதாவது தத்தெடுப்பது. ஆங்கிலத்துக்குள் வந்த பிறகு, பெரிய அமைப்போடு சேர்ந்துகொண்ட சிறிய அமைப்பைக் குறித்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தை யார் என்று தீர்மானித்து, பராமரிப்புச் செலவை அவர்மேல் சுமத்தும் ஆணைக்கு அஃபிலியேஷன் ஆணை என்று பெயர். இன்றைய இணையப் பொருளுக்கு இது வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கம்: ‘இந்த விற்பனை யார் வழி வந்தது?’ என்ற கேள்வியில்தான் இத்தொழிலின் சிக்கல்களில் பாதி இருக்கிறது.

இணையத்தில் இந்த முறையை 1994இல் இசைத்தட்டு விற்ற சிடிநவ் போன்ற கடைகள் தொடங்கின. 1996 ஜூலையில் அமேசான் தன் திட்டத்தை அறிவித்தபோது ‘அசோசியேட்ஸ்’ என்று பெயரிட்டது. பொதுவழக்கில் நின்றது என்னவோ அஃபிலியேட் என்ற சொல்தான்.

தமிழில் ‘இணைப்புச் சந்தைப்படுத்தல்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது குழப்பம் தருகிறது. சொடுக்கிச் செல்லும் லிங்கையும் இணைப்பு என்றே சொல்கிறோம் என்பதால், அஃபிலியேட் லிங்க் ‘இணைப்பு இணைப்பு’ ஆகிவிடும். ‘தரகு’ பழகிய சொல், கமிஷன் தொகைக்குப் பொருத்தமானது. ஆனால் தரகர் இரு தரப்பிலும் பேசி விலை முடிப்பவர். அஃபிலியேட் விலை பேசுவதில்லை, வாங்குபவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கல்லூரியை ‘இணைவு பெற்ற கல்லூரி’ என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோமே, அந்த இணைவே இங்கும் சரி. எனவே அஃபிலியேட் இணைவாளர், லிங்க் இணைவுச் சுட்டி, வருமானம் இணைவு வருவாய், கிடைக்கும் தொகை தரகு. பேச்சில் அஃபிலியேட் என்றே சொன்னாலும் குறையில்லை.

விற்பனையின் மூலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குக்கீ, அதாவது உலாவி சேமித்து வைக்கும் சிறு பதிவு. சுட்டியைச் சொடுக்கியதும் வாசகரின் உலாவியில் இணைவாளரின் குறியெண் பதிகிறது. அந்தப் பதிவு எவ்வளவு காலம் செல்லும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அமேசானில் 24 மணி நேரம்; அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் 90 நாள். சுற்றுலாச்சீட்டு விற்கும் தளங்கள் பலவற்றில் ஏறக்குறைய ஒரு மாதம். விடுதித் தளங்கள் சிலவற்றில் உலாவியை மூடும் வரைதான். பயணம் வாரக்கணக்கில் யோசித்து எடுக்கும் முடிவு என்பதால், இந்த வேறுபாடு தரகு விழுக்காட்டைவிட முக்கியமானது.

கணக்கு தவறிப்போகும் இடங்கள் பல. கைபேசியில் படித்தவர் மடிக்கணினியில் முன்பதிவு செய்தால் குக்கீ அங்கே இருக்காது. சுட்டி தளத்துக்குப் பதிலாகச் செயலியைத் திறந்தால் குறியெண் உதிர்ந்துவிடலாம். கடைசிச் சொடுக்குக்கே தரகு என்பது பொதுவான விதி. பணம் கட்டுவதற்கு முன் தள்ளுபடிக் கூப்பன் தளம் ஒன்று குறுக்கே வந்தால் விற்பனை அதன் பெயருக்குப் போய்விடும். சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் பிற தளங்களின் குக்கீகளை முழுவதுமாகத் தடுக்கிறது. ஆகவே உலாவியை மட்டும் நம்பாமல், விற்பனையைச் சேவையகத்திலிருந்து (சர்வர்) சேவையகத்துக்கு நேரடியாகத் தெரிவிக்கும் திட்டம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

விழுக்காட்டையும் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரு திட்டம் விற்பனை விலையில் 8% தருகிறது, இன்னொன்று தன் தரகில் 40% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் முன்பதிவில் முதலாவது தருவது 8 டாலர். இரண்டாவது தளம் விடுதியிடம் பெறும் தரகு 15 டாலர் என்றால், அதில் 40% என்பது 6 டாலர்தான். மேலும் விடுதித் தரகு பெரும்பாலும் விருந்தினர் தங்கிச் சென்ற பிறகே உறுதியாகும். ஜனவரியில் சொடுக்கியவர் ஜூலையில் தங்கினால் பணம் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வரும். ரத்து செய்தால் வராது. 2020இல் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, பதிவேட்டில் காத்திருந்த தரகெல்லாம் அப்படித்தான் கரைந்தது.

ஆங்கிலத்தின் ‘பேசிவ் இன்கம்’ என்பதைச் ‘செயலற்ற வருமானம்’ என்று பெயர்த்தவர்களால் வந்த தவறான எண்ணம் ஒன்று உண்டு. எழுதிவிட்டுத் தூங்கலாம் என்பது இங்கே நடக்காது. நிலைத்த வருவாய் என்றால், எழுதிய பக்கம் பராமரிப்போடு ஆண்டுக்கணக்கில் ஈட்டுவது. அப்படி ஈட்டும் பக்கங்கள் பயணக் கதைகள் அல்ல, வாசகர் முடிவெடுக்கப்போகும் நேரத்தில் தேடி வரும் பக்கங்கள்.

ஸ்பெயினின் கிரனாடாவில் உள்ள அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனை வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நஸ்ரித் அரண்மனைகளுக்கு நேரம் குறித்த சீட்டு. அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு பெயருக்கு வழங்கப்படுவதால் கடவுச்சீட்டும் கையில் வேண்டும். பயணிகள் மிகும் பருவத்தில் சீட்டுகள் பல நாள் முன்பே தீர்ந்துவிடும். ‘அதிகாரபூர்வத் தளத்தில் சீட்டு இல்லை, இனி என்ன வழி?’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஒரு பக்கம், நுழைவோடு சேர்ந்த வழிகாட்டிச் சுற்றுலாவை நேர்மையாகப் பரிந்துரைக்கலாம். சீட்டு நேரடியாகக் கிடைக்கும் நாள்களில் அதிகாரபூர்வத் தளத்துக்கே முதலில் அனுப்ப வேண்டும். அதற்குத் தரகு கிடையாது, ஆனாலும் அந்த வாசகர்தான் அடுத்த ஊருக்கும் திரும்பி வருவார். ‘எந்தப் பகுதியில் தங்குவது?’, ‘விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படிப் போவது?’ ஆகியவையும் இதே வகை.

ஒவ்வொரு சுட்டிக்கும் பக்கத்தின் பெயரையும் இடத்தையும் சேர்த்துத் துணைக்குறி இட வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது பக்கங்களில் எது விற்கிறது என்று கடைசிவரை தெரியாது. இது பணம் பெறும் சுட்டி என்று தேடுபொறிக்குச் சொல்ல, சுட்டியின் நிரலில் ‘ஸ்பான்சர்டு’ என்ற அடையாளம் தேவை. கூகுள் 2019இல் கொண்டுவந்தது இது. தரகு பெறுகிறோம் என்ற அறிவிப்பு பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கக் கூடாது, முதல் சுட்டிக்கு முன்பே எளிய சொற்களில் வர வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் (எஃப்டிசி) உள்ளிட்ட அமைப்புகள் இதை வலியுறுத்துகின்றன. சட்டமே இல்லாவிட்டாலும் வாசகருக்கு இது நாம் பட்ட கடன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சுட்டிகளையும் சொடுக்கிப் பாருங்கள். மூடிய விடுதியின் சுட்டி பிழைப்பக்கமும் காட்டாமல் தளத்தின் முகப்புக்குத் திருப்பிவிடுவது வழக்கம். பழுது வெளியே தெரியாது, விற்பனை மட்டும் நின்றிருக்கும். ஒப்பந்த விதிகளையும் அப்போதே திரும்பப் படியுங்கள். 2020 ஏப்ரலில் அமேசான் அறைகலன் பிரிவின் தரகை 8%இலிருந்து 3%ஆகக் குறைத்தது. இணைவாளர்கள் பேரம் பேச இடமிருக்கவில்லை. மொத்த வருவாயில் பாதிக்கு மேல் ஒரே திட்டத்திலிருந்து வருகிறது என்றால், அடுத்து எழுதும் பக்கத்தில் வேறொரு திட்டத்தைச் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.