அவசர எண் 112 சாட்டிலைட்டில் போகாது, போகும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள்

பெங்களூரில் அவசர சிகிச்சை மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, மழை விட்ட மாதங்களில் ஞாயிறு, திங்கள் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. வெள்ளி ராத்திரி டெம்போ டிராவலரில் ஏறி, சனிக்கிழமை மலையேறி, எங்கேயோ விழுந்து, மறுநாள்வரை அல்லாடி வந்து சேரும் பிள்ளைகள். போன வாரம் வந்தவன் இருபதுகளில் இருக்கும் நம் ஊர்ப் பையன். கர்நாடகத்தின் குதுரேமுக் மலைப் பக்கம் இறக்கத்தில் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகிறது. நண்பர்கள் ட்ரெக்கிங் குச்சி இரண்டை அணைகொடுத்து, துப்பட்டாவால் மேலும் கீழும் கட்டி, காலை அசையாமல் வைத்திருந்தார்கள். அவ்வளவு நேர்த்தியான கட்டை நான் ஆம்புலன்ஸ் ஊழியர்களிடமே அடிக்கடி பார்ப்பதில்லை. ஆனால் எலும்பு வெளியே வந்த முறிவுக்கு ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. இவனுக்கு அது போனது நள்ளிரவுக்கு மேல். பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஊசி போட்டு, மங்களூருக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் வண்டியைப் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்குத் தனியாகத் திட்டியாயிற்று.

விழுந்தது மதியம். ஜீப் வரும் இடத்துக்கு ஆள் இறங்கியது இருட்டிய பிறகு. நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கூட வந்த பெண் போனை நீட்டினாள். 112, 112, 112 என்று திரை நிறைய, நிமிடத்துக்கு ஒன்றாக. "டவர் இல்லேன்னாலும் 112 சாட்டிலைட்ல போயிடும்னு சொன்னாங்க டாக்டர்." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

112 ஒரு சாதாரண மொபைல் அழைப்பு. ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். என்று நீங்கள் அம்மாவிடம் பேசும் அதே டவர் வழியாகத்தான் போகும். ஒரே ஒரு சலுகை உண்டு. உங்கள் நிறுவனத்துக்கு அங்கே டவர் இல்லாமல் இன்னொரு நிறுவனத்துக்கு இருந்தால், அவசர அழைப்பை மட்டும் அந்த டவர் ஏற்றுக்கொள்ளும். திரையில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வருவது அதைத்தான். அந்த வரி தெரிந்தால் உடனே அடியுங்கள். 'நோ சர்வீஸ்' என்று இருந்தால் யாருடைய டவரும் எட்டவில்லை என்று அர்த்தம். அப்போது எத்தனை தடவை அடித்தாலும் தீருவது பேட்டரிதான். அதைவிட முக்கியம், ஆளை அனுப்பியிருக்க வேண்டிய நேரமும் தீர்ந்துவிடும்.

அப்படியானால் ஜி.பி.எஸ். வேலை செய்கிறதே, அது சாட்டிலைட் இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். சாட்டிலைட்தான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அது அனுப்புவதை உங்கள் போன் கேட்கிறது, அவ்வளவே. ரேடியோவில் பாட்டுக் கேட்கலாம், ரேடியோ வழியாக நிலையத்தாருக்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் நிற்கும் இடம் உங்கள் போனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. "லொகேஷன் ஆன்லதான் இருக்கு, கண்டுபிடிச்சிடுவாங்க" என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஐபோனில் சாட்டிலைட் எஸ்.ஓ.எஸ். இருக்கிறதே என்பார்கள். 2022-இல் 14-ஆம் மாடலோடு வந்த அந்த வசதி இந்தியாவில் கிடையாது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய சாட்டிலைட் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். துராயா, இரிடியம் என்ற சாட்டிலைட் போன்கள் இங்கே தடைசெய்யப்பட்டவை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இப்படிக் கருவி வைத்திருந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள்.

டவர் கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. உங்கள் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ, அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் அழைப்பு போகும். பந்திப்பூர், முதுமலை, வயநாடு மூன்றும் ஒட்டிக்கிடக்கும் காடுகள். கர்நாடகத்தில் நின்றுகொண்டு தமிழ்நாட்டு டவர் வழியாகப் பேசலாம். எடுத்தவர் தமிழ் பேசுகிறார் என்ற நிம்மதியில் மாநிலத்தைச் சொல்ல மறந்துவிடுகிறீர்கள். முதல் வாக்கியமே மாநிலம், மாவட்டம், காட்டின் பெயர், எந்த இடத்திலிருந்து ஏறத் தொடங்கினீர்கள் என்பதாக இருக்கட்டும். என்ன அடி என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். காட்டுப் பகுதியில் ஒரு டவர் பல கிலோமீட்டருக்குப் பொறுப்பு. அதை வைத்து உங்களைத் தேடுவது பெரிய கஷ்டம்.

அரசின் பங்கையும் பேசித்தான் ஆகவேண்டும். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களின் 911 அவசர அழைப்பு மையங்களைப் புதிய முறைக்கு மாற்ற அந்நாட்டுக் காங்கிரசில் மசோதாவே வந்திருக்கிறது. குரலோடு குறுஞ்செய்தி, படம், துல்லியமான இருப்பிடம் எல்லாம் வாங்கிக்கொள்ளும் முறை அது. இங்கே பெங்களூர் நகருக்குள் 'சேஃப்டி ஐலண்ட்' என்று போலீஸ் வைத்திருக்கும் பெட்டியில் பட்டனை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையோடு பேசலாம். ஆள் நடமாட்டமும் டவரும் உள்ள எம்.ஜி. ரோட்டுப் பக்கத்தைவிட, மலைப்பாதையின் பாதி வழியில்தான் அப்படி ஒன்று எனக்கு வேண்டும்.

காடு முழுக்க டவர் நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டவர் என்றால் ரோடு, ஜெனரேட்டர், ஆள் நடமாட்டம். அது யானைக்கும் ஆகாது, காட்டுக்கும் ஆகாது. 2022-இல் மத்திய அரசு அனுமதித்த 4ஜி விரிவாக்கத் திட்டமும் சேவை எட்டாத கிராமங்களுக்கானது, மலை உச்சிக்கு அல்ல. வனக் காவலர்களிடம் வயர்லெஸ் ஏற்கெனவே இருக்கிறது. 112-க்கு வரும் அழைப்பை நேரே ரேஞ்ச் ஆபீஸ் வயர்லெஸ்ஸோடு இணைத்தாலே பாதி வேலை முடியும். பாதை நெடுக அரை கிலோமீட்டருக்கு ஒரு எண் எழுதிய கல் நட்டால், "17-ஆம் கல்லுக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் போதும். கூட்டிப்போகும் வழிகாட்டி ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்கி-டாக்கி கொடுங்கள். 2024 முதல் கர்நாடகத்தில் மலையேற்றத்துக்கு ஆன்லைன் முன்பதிவு வந்து, ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். ஏறியவர் பட்டியல் கையில் இருக்கிறது. இறங்கியவரையும் அதே பட்டியலில் குறித்தால், யார் இன்னும் வரவில்லை என்று சாயங்காலமே தெரிந்துவிடும். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகாது.

அதெல்லாம் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது:

சிக்னல் போகும் முன்பே போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். டவரைத் தேடித் தேடியே பேட்டரி சாகும். ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும். வரைபடத்தைக் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காகிதத்தில் எழுதி, கீழே போகும் ஆளிடம் கொடுங்கள். ஆள் போவதென்றால் இரண்டு பேர். அடிபட்டவரோடு ஒருவராவது இருக்க வேண்டும். கால் மணி நேரம் முயன்றும் அழைப்பு போகவில்லையென்றால் உடனே ஆளை அனுப்புங்கள், இருட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பேச்சு அறுந்துபோகும் இடத்திலும் அது நுழைந்துவிடும். கழுத்தில் ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. மலையேறுபவர்களுக்குப் பல நாடுகளில் அதுதான் அபாயக் குறி. பாம்பு கடித்திருந்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள், தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு என்பதற்காக நோயாளியை வைத்துக்கொண்டு விடியும்வரை லாட்ஜில் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆம்புலன்சை விடுவார்கள் சாமி. செக்போஸ்டில் போய்ச் சொல்லுங்கள், அவர்களிடம் வயர்லெஸ் இருக்கிறது.

கடைசியாக, வீட்டில் ஒருவரிடம் எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மா திட்டுவார் என்று ஆபீஸ் வேலை இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எங்கே தேடுவது என்று அவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் தகவல் இல்லையென்றால் 112-க்கும் வனத்துறையின் 1926-க்கும் அவர் வீட்டிலிருந்தே போன் செய்யலாம். அங்கே டவர் இருக்கும்.