மண்ணின் இறுக்கத்தை உணர்ந்த சுருள்வில்

இளமையில் தந்தையாரின் பழைய மாசி பெர்குசன் 35 டிராக்டரை ஓட்டிய நாள்களை நினைவுகூர்ந்து எழுதிய வாசகர் ஒருவர், தமக்கு இன்றுவரை விளங்காத ஒன்றைக் கேட்டிருக்கிறார். உழுதுகொண்டிருக்கையில் கட்டாந்தரை குறுக்கிட்டால், யாரும் நெம்புகோலைத் தொடாமலே கலப்பை சற்று மேலெழும்பி, இளகிய மண் வந்ததும் மறுபடி இறங்கியது எப்படி? அந்த வண்டியில் மின்னணுக் கருவி எதுவும் கிடையாதே!

எண்ணெய் அழுத்தம் உந்துதண்டைத் தள்ளிப் பாரத்தைத் தூக்குவது பள்ளிப் பாடம். எப்போது தூக்க வேண்டும் என்பதை அந்த எண்ணெய்க்கு யார் சொல்கிறார்கள் என்பதே அழகான கேள்வி. அதற்கான விடை, அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் 1920களில் உருவாக்கிய மும்முனை இணைப்பில் இருக்கிறது. 1946இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் வெளிவரத் தொடங்கிய டிஇ20 டிராக்டரால் அது உலகெங்கும் பரவியது. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே டிராக்டர் நிறுவனத்தின் வழியே நம் வயல்களிலும் வேரூன்றியது.

இந்த இணைப்பின் மூன்று முனைகளில், கலப்பையை இழுப்பவை கீழே உள்ள இரண்டு கைகள். மேலே நடுவில் கலப்பையையும் டிராக்டரையும் இணைக்கும் தண்டுதான் டாப் லிங்க். கொழு அவற்றைவிடத் தாழ்வாக மண்ணுக்குள் இருப்பதால், மண் அதைப் பின்னால் பிடித்திழுக்கும்போது, கலப்பையின் மேற்பகுதி முன்னோக்கிச் சாய முயன்று டாப் லிங்கைத் தள்ளுகிறது. டாப் லிங்கின் மறுமுனையில், இருக்கைக்குப் பின்னே, தடித்த சுருள்வில் ஒன்று காத்திருக்கிறது. மண் இறுக இறுக வில் அமுங்குகிறது. அந்தச் சிறு அசைவு ஒரு கம்பியின் வழியே பம்பின் வால்வைத் திருப்ப, எண்ணெய் பாய்ந்து கைகள் உயர்கின்றன. ஆழம் குறைந்ததும் இழுவை தணிகிறது, வில் தளர்கிறது, கலப்பை இறங்குகிறது. ஆக, ஓட்டுநர் நெம்புகோலால் நிர்ணயித்தது ஆழத்தை அன்று, இழுவையை. மாட்டு ஏரில் மேழி பிடித்த கை, கல் தட்டியதும் தானாகவே தளர்த்திக் கொடுக்குமே, அந்தக் கையின் வேலையை இந்த வில் செய்தது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தூக்க முற்படும் கணத்தில் கலப்பையின் பாரமும் மண் அதைக் கீழிழுக்கும் விசையும் பின்சக்கரங்களின் மீது இறங்குவதால், பிடிப்பு மிகவும் தேவைப்படும் இடத்திலேயே பிடிப்பு கூடுகிறது. ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடையுள்ள டிஇ20 கடுமையான உழவைத் தாங்கியதன் காரணம் இதுவே.

பனைமரத் தூரைப் பிடுங்கச் சங்கிலியை டாப் லிங்க் உயரத்தில் கட்டி இழுத்து, முன்சக்கரம் எழும்பி, வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்தால், முனி அடித்தது என்று இன்றும் சொல்வார்கள். பின் அச்சுக்கு மேலே கொளுவினால் இழுவிசை வண்டியை அந்த அச்சைச் சுற்றிப் பின்னால் புரட்டும். அச்சுக்குக் கீழே உள்ள கொளுவியில்தான் கட்ட வேண்டும். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் புறப்படுவதைவிட, இந்த ஒரு பாடத்தை ஒவ்வோர் ஓட்டுநருக்கும் கற்பிக்க அரசு செலவிடுவது உயிர்களைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பழைய வண்டி இன்னும் கொட்டகையில் நிற்குமானால், கலப்பையைக் கழற்றிவிட்டு டாப் லிங்க் பொருந்தும் முனையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். அது லொடலொடவென்று ஆடினால் மண்ணின் சேதி வில்லுக்குச் சரியாகப் போய்ச் சேராது. கலப்பை உழும்போது குதிக்கும். அந்த ஆட்டத்தைப் போக்கிவிட்டால் கலப்பை பழையபடி கட்டாந்தரையை அறிந்து எழும்பும்.